மூன்றாம் ஊற்று

தொருகார்த் கணவாய்க்கு இரண்டு மணி நேரம் முன்னால்
லாரியை நிறுத்தினோம்.
பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் நான்.
விடிந்தும் விடியாத நேரம்.
என் பக்கத்துப் பனி மஞ்சளாய்க் குழிந்தது.
அவன் பக்கத்தில்
யாரோ தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது போல.

"பீட்ரூட் தின்றாயா?"
"தின்று ஒரு மாதம் ஆச்சு" என்றான் தொக்தோசுன்.
பூட்ஸால் பனியை இழுத்து மூடினான்
பூனை மாதிரி.

மதியம் அத்பாஷியில் திரும்பப் பார்த்தேன்.
(பார்ப்பேன் என்று நானே நினைத்ததில்லை.)
இருவருக்கும் ஒரே நிறம்.
பீட்ரூட்தான் என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது.
பதினோரு வருடம் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான்.
டயர் மாற்றும்போது பாதியில் உட்கார்ந்தான்,
வயசு என்றேன்.
ரொட்டியை விழுங்கி நெஞ்சைப் பிடித்தான்,
அவசரம் என்றேன்.
பக்கக் கண்ணாடியில் அவன் கண்ணின் வெள்ளை
பழைய செய்தித்தாளாய் இருந்தது,
அதற்கும் வெயில் என்று ஒரு பெயர் வைத்தேன்.
ஒருநாள், "வீட்டில், இரவில்..." என்று தொடங்கியவன்
சட்டென்று வைப்பரைப் போட்டான்.
கண்ணாடி காய்ந்து கிடந்தது.
காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிட்டது
கணவாய் முடியும்வரை.

முதல் டாக்டர் கல் என்றார். கல் வரவில்லை.
இரண்டாமவர் ஆட்டுக் காய்ச்சல் என்றார்,
ஆறு வாரம் மாத்திரை.
மைத்துனன் ஓட்கா என்றான்.
நாரின் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
நுர்சுலு என்ற ஆய்வகக்காரி மட்டும்
நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்:
"சிவப்பு இருக்கு. சிவப்பணு ஒன்றுகூட இல்லை."
பிறகு நிமிர்ந்து,
"ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் பிடி.
மேலே மணி எழுது."

அப்படித்தான் எங்கள் டாஷ்போர்டில் வரிசை கட்டின.
ஐந்து மணி: கோலா.
எட்டு மணி: கொதித்துக் கறுத்த தேநீர்.
அப்புறம் அதே தேயிலையில் இரண்டாம் ஊற்று, மூன்றாம் ஊற்று,
மாலை ஆறுக்கு வெறும் வைக்கோல் நிறம்.
சோதனைச் சாவடிக் காவலன் முதல் பாட்டிலை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்து, "கோன்யாக்கா?" என்றான்.
மூடியைத் திறந்தான்.
அன்றைக்குத்தான் நாங்கள் கடைசியாக
வயிறு நோகச் சிரித்தது.

நுர்சுலு பாட்டில்களை ஜன்னலில் அடுக்கி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"ராத்திரி மட்டும் உடையவில்லை.
எந்நேரமும் உடைகிறது.
இரவெல்லாம் தேங்கியதைக் காலையில் காண்கிறோம், அவ்வளவுதான்."
ரத்தத்தைப் பிஷ்கேக்குக்கு அனுப்பினாள்,
அங்கிருந்து இன்னும் தூரத்துக்கு.

வந்த காகிதத்தை எங்கள் பாஷையில் படித்துச் சொன்னாள்:
முத்திரை இல்லாத சரக்கு.
எலும்புக்குள்ளிருந்து புறப்படும்போதே
சில அணுக்களுக்கு முத்திரை விழவில்லை.
சொந்த எல்லைக் காவலனே
கள்ளச்சரக்கென்று உடைத்துக் கொட்டுகிறான்.
தொக்தோசுன் தலையாட்டினான்.
முத்திரைக்காக மூன்று நாள் வரிசையில் நின்றவனுக்கு
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"வயிறு பிடித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால்
விடியட்டும் என்று இருக்காதே.
ரத்தம் உறைந்திருக்கும். வண்டியைத் திருப்பு."
மருந்து உண்டாம்.
ஒரு வருடத்து விலைக்கு
எங்கள் லாரி போல் பத்து வாங்கலாமாம்.
பெயரை ஒரு பட்டியலில் எழுதியிருக்கிறாள்.

இப்போது அவன் பாதியையும் நானே ஓட்டுகிறேன்.
நிறுத்துமிடங்களில்
மற்ற டிரைவர்களின் பனியைப் பார்க்கிறேன்.
ஒருநாள் நிச்சயம் அடி வாங்குவேன்.

காலை ஏழுக்குப் போன் அடிக்கும்.
சலாம் கிடையாது, குளிர் எப்படி என்ற கேள்வி கிடையாது.
"இரண்டாம் ஊற்று" என்பான்,
வைத்துவிடுவான்.
நேற்று மூன்றாம் ஊற்று.
இன்று ஏழே கால் ஆகிறது.
வைப்பரைப் போட்டிருக்கிறேன்,
பனி பெய்யவில்லை.